ஆளுக்கு ஒரு குடம்: வறட்சியில் ஊர்விட்டு வந்த மேய்ச்சல் குடும்பங்களுக்குத் தண்ணீர் எப்படிப் போய்ச் சேருகிறது?

வியாசர்பாடியில் எங்கள் தெருவை ஒட்டிய படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒருநாள் பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டினாள். சோமாலியா. காய்ந்த மண்ணில் செத்துக் கிடக்கும் ஒட்டகங்கள், அவற்றைத் தாண்டிக் கைக்குழந்தையோடு நடந்து போகும் பெண்கள். "அக்கா, நம்ம தெருவுக்கு வர்ற மாதிரி அங்கேயும் நாலு லாரி தண்ணி விட்டா போதாதா?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த பையன், "ஆத்துப் பக்கமா போய்க் குடியிருந்தா பிரச்சினையே இல்லையே" என்றான். இன்னொருவன் தண்ணீர் பாட்டில் வாங்கி அனுப்பப் பணம் திரட்டலாம் என்று கிளம்பிவிட்டான்.

மூன்று பேரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். பெரியவர்கள் பேசும்போதும் இதே மூன்றுதான் வருகிறது. மூன்றிலும் ஏதோ ஒன்று விடுபடுகிறது. அன்று கரும்பலகையில் எழுதிக் காட்டியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். குடத்தோடு வரிசையில் நின்று பழகிய வடசென்னைக்காரர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

## இவர்கள் யார், ஏன் நடந்தார்கள்?

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆட்டு மந்தையை ஓட்டிக்கொண்டு தஞ்சைப் பக்கம் போவார்கள். அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுக்கு மேய்ச்சல், வயலுக்கு எரு, கீதாரிக்குக் கூலி. எந்த மாதம் எந்த ஊர், எந்தக் கண்மாயில் தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

மேய்ச்சல் சமூகம் என்பது இதுதான்: கால்நடையை நம்பி, புல்லும் நீரும் இருக்கும் இடத்துக்கு மந்தையோடு நகர்ந்து வாழும் மக்கள். சோமாலியா, கிழக்கு மற்றும் தெற்கு எத்தியோப்பியா, வடக்கு கென்யா ஆகிய பகுதிகளில் இப்படி வாழ்பவர்கள் மிக அதிகம். அங்கே பயிர் வைக்குமளவுக்கு மழை பெரும்பாலான இடங்களில் கிடையாது. மழை இன்றைக்கு இங்கே பெய்யும், அடுத்த வாரம் எங்கோ பெய்யும். அந்த மண்ணில் பிழைக்க வேண்டுமென்றால் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் சரியான வழி. போக்கிடம் இல்லாமல் அலைகிறார்கள் என்று நாம் நினைப்பது தவறு.

ஆற்றோரம் போகலாமே என்று கேட்ட பையனுக்கு வருகிறேன். சோமாலியாவில் சொல்லிக்கொள்ளும்படி இருப்பவை ஜுபா, ஷெபெலே என்ற இரண்டு ஆறுகள். இரண்டுமே எத்தியோப்பிய மலைகளில் பிறந்து, நாட்டின் தென்பகுதி வழியாக ஓடுபவை. கரையோரம் பெரும்பாலும் வேறு மக்களின் விவசாய நிலம். கடும் வறட்சி வந்தால் ஷெபெலேயே சில இடங்களில் வற்றிப்போகும்.

அங்கே ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஏப்ரல் வாக்கில் தொடங்குவது 'கூ'. அக்டோபர் முதல் டிசம்பர் வரை 'தெயிர்'. நாம் வடகிழக்குப் பருவமழைக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அதே மாதங்களில் அவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 2020 கடைசியில் வர வேண்டிய மழை பொய்த்தது. அதையும் சேர்த்து 2022 முடியும்வரை தொடர்ந்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தன. நாற்பது ஆண்டுகளில் அந்தப் பகுதி இப்படி ஒரு வறட்சியைக் கண்டதில்லை.

ஒரு மழை தவறினால் சமாளித்துவிடுவார்கள். இரண்டு தவறினால் சில ஆடுகளை விற்பார்கள். மூன்றாவதும் தவறும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வருவதால் ஆட்டு விலை சரியும், சந்தையில் தானிய விலை ஏறும். நான்காவதில் மாடுகள் சாகும். பால் நிற்கும். அந்தக் குழந்தைகளுக்குப் பால்தான் சாப்பாடு என்பதை மறந்துவிடாதீர்கள். கடைசி ஆடும் போன பிறகுதான் குடும்பம் நடக்கத் தொடங்குகிறது. சோமாலியாவில் 2021 ஜனவரி முதல் 2022 ஆகஸ்டு வரை வறட்சியால் இப்படி ஊரை விட்டவர்கள் மட்டும் சுமார் 10 லட்சம் பேர். பைதோவா போன்ற நகரங்களின் ஓரத்தில் குச்சி நட்டு, மேலே துணி போர்த்திக் குடிசை போட்டார்கள். நாட்டு எல்லையைத் தாண்டாததால் சட்டப்படி இவர்கள் அகதிகள் அல்லர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர்.

இதுவரை மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான். இவர்கள் முகாமுக்கு வந்து சேரும்போது தண்ணீரோடு மந்தை, பால், வருமானம் எல்லாவற்றையும் இழந்து வருகிறார்கள். உடம்பு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது.

## ஆளுக்கு எவ்வளவு?

நம் வீட்டில் இருக்கும் பிளாஸ்டிக் குடம் ஒன்றில் ஏறத்தாழ 15 லிட்டர் பிடிக்கும். அவசர உதவியில் உலகம் முழுக்கப் பின்பற்றும் குறைந்தபட்ச அளவும் அதேதான்: ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். குடிக்க, சமைக்க, கை கால் கழுவ, குளிக்க, துணி அலச எல்லாம் சேர்த்து.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1994-இல் ருவாண்டாவிலிருந்து தப்பிய மக்கள் லட்சக்கணக்கில் பக்கத்து நாடான இன்றைய காங்கோவின் கோமா என்ற ஊரில் குவிந்தார்கள். சில வாரங்களுக்குள் காலராவிலும் வயிற்றுக்கடுப்பிலும் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். உதவிக்குப் போன அமைப்புகள் பல, ஆனால் எது போதுமான உதவி என்பதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. அதன்பிறகு 1997-இல் தொண்டு நிறுவனங்களும் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சேர்ந்து வகுக்கத் தொடங்கியவைதான் 'ஸ்பியர்' தரநிலைகள். பேரிடரில் சிக்கிய ஒருவருக்குக் குறைந்தது என்னென்ன கிடைத்தாக வேண்டும் என்ற பொது ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஆறு குடம். 90 லிட்டர். இதையே அரை லிட்டர் பாட்டிலில் கொடுத்தால் 180 பாட்டில், ஒரே ஒரு குடும்பத்துக்கு, ஒரே ஒரு நாளைக்கு. பாட்டில் அனுப்பலாம் என்ற பையன் இந்த இடத்தில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டான். குடிக்க மட்டும் என்றால் முதல் ஒன்றிரண்டு நாளைக்கு பாட்டில் உதவும். பிறகு அந்தப் பணம் முழுக்கப் பிளாஸ்டிக்குக்கும் வண்டி வாடகைக்குமே போகும்.

## லாரி போதாதா?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்ததை நாம் மறக்கவில்லை. எங்கள் தெருவில் லாரி எப்போது வரும் என்று தெரியாது. ராத்திரியே குடங்களை வரிசையில் வைத்துவிடுவோம். பச்சை, சிவப்பு, நீலம், நடுவில் குடத்துக்குப் பதிலாக ஒரு செங்கல், ஒற்றைச் செருப்பு. லாரிச் சத்தம் கேட்டதும் செங்கல் இருந்த இடத்தில் குடம் வந்துவிடும். அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் இருக்கும் தூரம்.

நமக்கு ரயில் பாதை இருந்தது, தார்ச்சாலை இருந்தது, ஜோலார்பேட்டையில் எடுக்கத் தண்ணீரும் இருந்தது. அங்கே இந்த மூன்றையும் தேட வேண்டும்.

கணக்குப் போடுவோம். 6,000 பேர் குடியேறிய ஒரு முகாம். ஆளுக்கு 15 லிட்டர் என்றால் 90,000 லிட்டர். 9,000 லிட்டர் பிடிக்கும் லாரியில் ஒரு நாளைக்குப் பத்து நடை. மணல் தடத்தில் போய்வர அரைநாள் ஆகும் தூரத்தில் கிணறு இருந்தால், ஒரு வண்டி இரண்டு நடைக்கு மேல் அடிக்க முடியாது. ஆக ஐந்து வண்டி, தினமும், பழுதாகாமல். டீசல் விலை ஏறினால் தண்ணீர் குறையும். இன்னொன்றும் உண்டு: மழை வந்துவிட்டால் அந்த மண்தடம் சேறாகி லாரி மாட்டிக்கொள்ளும்.

லாரி வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல் சில வாரங்களுக்கு அதைவிட வேகமாக உயிர் காப்பது எதுவும் இல்லை. ஆனால் லாரி என்பது குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி. ஏற்றும்போதே அடுத்து என்ன என்று யோசித்தாக வேண்டும். இல்லையென்றால் லாரியை நம்பி மக்கள் அங்கேயே தங்கிவிடுவார்கள், பணம் தீர்ந்த அன்று லாரி நிற்கும், சுற்றிலும் வேறு தண்ணீர் இருக்காது.

அப்படியானால் போர்வெல் போட்டுவிட வேண்டியதுதானே? அங்கே நிலத்தடி நீர் பல இடங்களில் நூறு மீட்டருக்கும் கீழே. இறைக்க ஜெனரேட்டரோ சோலார் பம்போ வேண்டும். இறைத்தாலும் உப்பாக இருக்கலாம். உப்புத் தண்ணீர் வடசென்னைக்குப் புதிதல்ல. மீஞ்சூர்ப் பக்கம் அளவு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் நிலத்துக்குள் ஏறிய கதை நம் வீட்டு வாசலில் நடந்தது. தவிர, வெட்டவெளியில் திடீரென்று ஒரு புதுக் கிணறு வந்தால் நாலா பக்கத்து மந்தையும் அங்கே குவியும். சில மாதங்களில் சுற்றுவட்டாரத்துப் புல் மொத்தமும் போய்விடும். தண்ணீர் இருக்கும், மேய்ச்சல் இருக்காது. என்னைக் கேட்டால், இருக்கும் கிணற்றில் பழுதாகிக் கிடக்கும் பம்பைச் சரிசெய்ய ஒரு மெக்கானிக்கையும் உதிரிபாகத்தையும் அனுப்புவது பல நேரங்களில் நூறு லாரிக்குச் சமம். ஆனால் அதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

## சுத்தமான தண்ணீர் எங்கே அழுக்காகிறது?

இந்த விஷயத்தில்தான் புரியாமை அதிகம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

லாரியில் வந்த தண்ணீர் சுத்தமானதுதான் என்று வைத்துக்கொள்வோம். குடத்தில் பிடித்து வீட்டு மூலையில் வைக்கிறோம். வெளியே மண்ணில் விளையாடிய குழந்தை ஓடிவந்து, டம்ளரைப் பிடித்த கையோடு மணிக்கட்டு வரை குடத்துக்குள் விட்டு மொண்டு குடிக்கிறது. அவ்வளவுதான். கிணற்றிலோ லாரியிலோ எந்தக் கிருமியும் இல்லை, குடத்தில் வந்துவிட்டது. கழிப்பறை இல்லாத, ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக் கிடக்கும் முகாமில் அந்தக் கையில் காலரா கிருமி இருக்கலாம். சத்தில்லாத குழந்தைக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கே உயிரை எடுத்துவிடலாம். சோமாலியாவில் 2010 அக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்கும் இடையில் பஞ்சத்தால் ஏறத்தாழ 2.6 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் பாதிப் பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பசியோடு சேர்ந்து வயிற்றுப்போக்கும் அம்மையும்தான் அவர்களைக் கொண்டுபோயின.

இதற்கு இரண்டு காவல்.

முதலாவது குளோரின். லாரித் தண்ணீரில் வரும் 'பிளீச்சிங் வாடை'யைத்தான் சொல்கிறேன். தண்ணீரில் போட்ட குளோரினில் ஒரு பகுதி அங்கே இருக்கும் கிருமியையும் அழுக்கையும் எதிர்த்துச் செலவாகிவிடும். செலவாகாமல் மிஞ்சி நிற்பதற்குப் பெயர் எஞ்சிய குளோரின். ராத்திரி முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளி மாதிரி, பிறகு வரும் கிருமியையும் அது பார்த்துக்கொள்ளும். குழாயடியில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை அது மிஞ்சியிருக்க வேண்டும். சோதிப்பது எளிது. சின்னக் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரையைப் போட்டுக் குலுக்கினால் ரோஜா நிறம் ஏறும். நிறம் வெளிறியிருந்தால் காவலாளி சோர்ந்துவிட்டான். நிறமே வரவில்லையென்றால் அங்கே காவலே இல்லை.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் குளோரின் மண்ணோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். அதனால் முதலில் தெளிய வைக்க வேண்டும். நம் ஊரில் பானையின் உட்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி வைப்பார்களே, படிகாரத்தைச் சுழற்றுவார்களே, அதே வேலைதான். தெளிந்த பிறகு குளோரின், அதற்குப் பிறகு அரைமணி நேரம் பொறுமை.

இரண்டாவது காவல், பாத்திரத்தின் வாய். ஆப்பிரிக்காவிலிருந்து வரும் படங்களில் மஞ்சள் நிற பிளாஸ்டிக் கேன்களைப் பார்த்திருப்பீர்கள். ஜெர்ரி கேன் என்பார்கள். வாய் சின்னது, மூடி உண்டு. கை உள்ளே போகாது, சாய்த்து ஊற்றத்தான் முடியும். அதனால்தான் ஒரு குடும்பத்துக்கு 10 முதல் 20 லிட்டர் பிடிக்கும் கேன் குறைந்தது இரண்டு, ஒன்று பிடித்துவர, ஒன்று சேர்த்துவைக்க, என்று ஸ்பியர் சொல்கிறது. நாலு லாரி தண்ணீர் கொடுத்துவிட்டு கேன் கொடுக்காவிட்டால் பாதி உதவிதான் போய்ச் சேர்ந்தது.

சுருக்கமாக: தண்ணீர் சுத்தமா என்று சோதிக்க வேண்டிய இடம் குழந்தை குடிக்கும் இடம். லாரியின் வாயில் எடுத்த சோதனை பாதி வழிதான்.

## வரிசையும் ஒரு கணக்குதான்

ஒரு குழாய்க்கு 250 பேருக்கு மேல் கூடாது என்பது இன்னொரு அளவு. முதலில் பார்த்தபோது இந்த 250 எங்கிருந்து வந்தது என்று எனக்கே புரியவில்லை. குழாயில் நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 250 பேர், ஆளுக்கு 15 லிட்டர், மொத்தம் 3,750 லிட்டர். பிடித்து முடிக்க 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம் இருபது நிமிடம். குழாய் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு நிமிடமும் சும்மா இருக்காது. 300 பேர் ஆனால் கடைசியில் நிற்பவருக்கு இருட்டிவிடும்.

இருட்டுவது சின்ன விஷயம் இல்லை. வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். 20 லிட்டர் கேன் என்றால் 20 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு, தெரியாத ஊரில், விளக்கில்லாத தடத்தில் போவதன் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அதனால்தான் வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் குழாய், வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். 2019-இல் மூன்று மணி நேரம் நின்ற என்னைப் போன்றவர்களுக்கு அந்த 30 நிமிடம் கனவு மாதிரி இருக்கும். அது சலுகையில்லை, குறைந்தபட்சம்.

## ஆட்டுக்கும் தண்ணீர் வேண்டும்

"மனுஷனுக்கே இல்லாதப்ப ஆட்டுக்கு எதுக்கு?" என்று படிப்பகத்தில் ஒருவன் கேட்டான். மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டில் யாராவது படகை விறகுக்கு உடைப்பார்களா என்று திருப்பிக் கேட்டேன். ஆடுதான் அவர்களுக்குப் படகு. மிச்சமிருக்கும் ஆடு செத்தால் அந்தக் குடும்பம் அடுத்த பல ஆண்டுகளுக்கு நிவாரணத்தில்தான் வாழும்.

ஆடு போன்ற சின்ன விலங்குக்கு நாளைக்கு 5 லிட்டர், மாடு போன்ற பெரியதுக்கு 20 முதல் 30 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். பத்து ஆடும் இரண்டு மாடும் மிஞ்சிய குடும்பத்துக்கு நாளைக்கு 90 முதல் 110 லிட்டர், ஆறு பேர் குடும்பத்தின் தேவைக்குச் சமம், அல்லது அதைவிடக் கூட. இதைக் கணக்கில் எடுக்காமல் லாரி அனுப்பினால் என்ன ஆகும்? அம்மா தன் பங்கையும் குழந்தையின் பங்கையும் ஆட்டுக்கு ஊற்றுவாள். அதைத் தப்பு என்று சொல்லும் உரிமை நமக்கு இல்லை.

விலங்குக்குக் குளோரின் போட்ட தண்ணீர் வேண்டாம், கொஞ்சம் உவர்ப்பானதும் போதும். ஆகவே மனிதர்களுக்குக் குழாய் ஓரிடம், மந்தைக்குத் தொட்டி தள்ளி வேறிடம். இரண்டும் ஒன்றானால் சாணியும் மூத்திரமும் குடிநீரில் கலக்கும். அப்புறம், தண்ணீர் மட்டும் மாட்டைக் காப்பாற்றாது. புல் இல்லாத இடத்தில் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும் பட்டினியில் சாகும். தீவனமும் சேர்ந்து வந்தாக வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால், மாடு சாவதற்கு முன்பே நியாய விலைக்கு வாங்கிக்கொள்வது நல்லது. அந்தக் காசு குடும்பத்துக்கு மிஞ்சும்.

## லாரிக்குப் பதில் சீட்டு

ரேஷன் கார்டு தெரிந்தவர்களுக்கு இது எளிது. பல வறண்ட ஊர்களில் தண்ணீர் விற்கும் உள்ளூர் வியாபாரிகள் இருக்கிறார்கள். கிணறு, தொட்டி, வண்டி எல்லாம் அவர்களிடம் உண்டு. ஏழைக் குடும்பத்திடம் காசுதான் இல்லை. அங்கே உதவி அமைப்பு, இத்தனை லிட்டர் என்று எழுதிய நீர்ச் சீட்டைக் குடும்பத்துக்குக் கொடுக்கும். வியாபாரி தண்ணீர் கொடுத்துவிட்டு சீட்டைக் காட்டிப் பணம் வாங்கிக்கொள்வார். வெளியிலிருந்து வண்டி கொண்டுவர வேண்டியதில்லை, உள்ளூர்ப் பிழைப்பும் கெடாது. ஆனால் வியாபாரியின் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று யாராவது தினமும் பார்க்க வேண்டும். தண்ணீரே தீர்ந்துபோன இடத்தில் சீட்டால் பயனில்லை.

## மழை வந்த பிறகு

2023 கடைசியில் தெயிர் மழை வந்தது, வெள்ளமாக வந்தது. கெட்டித்துப்போன மண் நீரை உறிஞ்சவில்லை. சோமாலியாவில் மறுபடியும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் தெருக்களை முழங்காலுக்கு மேல் மூழ்கடித்தது. சுற்றிலும் தண்ணீர், குடிக்கச் சொட்டு இல்லாமல் கேனுக்காக மாடியில் நின்று கூப்பிட்டோம். குடிசை ஓரத்துக் கழிவுக்குழியும் குடிநீர்த் தொட்டியும் ஒன்றாகிப்போன முகாமில் அந்த நாட்கள் எப்படி இருந்திருக்கும் என்பதை அதிலிருந்து ஊகிக்கலாம்.

மழை பெய்துவிட்டதே, திரும்பிப் போகலாமே என்று கேட்டாள் அந்தப் பெண். எதை ஓட்டிக்கொண்டு போவார்கள்? புல் முளைத்துவிடும், ஆடு முளைக்காது. சில குட்டிகளோடு தொடங்கினாலும் ஒரு குடும்பம் பிழைக்கும் அளவுக்கு மந்தை பெருக வருடக்கணக்கில் ஆகும். அதுவரை பலரும் நகரத்தின் ஓரத்தில்தான் இருப்பார்கள், சுமை தூக்கிக்கொண்டும் துணி துவைத்துக்கொண்டும். அவசரத்துக்குப் போட்ட ரப்பர் தொட்டியைக் கழற்றிவிட்டு அங்கே குழாய் புதைக்க வேண்டும், பம்புக்கு ஆள் வைக்க வேண்டும், பழுதானால் மாற்றப் பணம் ஒதுக்க வேண்டும். பிள்ளைகள் திரட்டிய தொகை சின்னதுதான். அதை எதற்கு அனுப்பலாம் என்று கடைசியில் கை தூக்கச் சொன்னேன். மூடி போட்ட கேனுக்கு ஒன்பது பேர், பம்பு உதிரிபாகத்துக்குப் பதினோரு பேர்.